ஒரே உணவகம், ஒரே விலை, இருவேறு வரவேற்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் உயர்தர உணவகங்களைப் பற்றித் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையையும், அதைத் தொடர்ந்து மூன்று வாரங்களாக வெளியாகிவரும் வாசகர் கடிதங்களையும் விடாமல் படித்துவருகிறேன். வாழ்நாளில் அப்படியொரு சாப்பாட்டைச் சாப்பிட்டதே இல்லை என்று ஒருவர் எழுதுகிறார். கொடுத்த பணத்துக்கு வயிறும் நிறையவில்லை, மனமும் நிறையவில்லை என்று அடுத்தவர் எழுதுகிறார். முதலாமவரைப் பகட்டுக்கு மயங்குபவர் என்றும், இரண்டாமவரை ரசனை அறியாதவர் என்றும் வாசகர்கள் மாறிமாறிச் சாடிக்கொள்கிறார்கள். இந்த இரண்டு அனுபவங்களையும் ஒரே உணவகத்தில், எட்டு மாத இடைவெளியில், நானே அடைந்திருக்கிறேன். அதனால் இரு தரப்பினரும் உண்மையைத்தான் எழுதுகிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே மாறுவது சமையல் அன்று. வருகிறவர் யார் என்று வாசலிலேயே எடைபோட்டுவிட்டு, அதற்கேற்பக் கொடுக்கப்படும் மரியாதைதான் மாறுகிறது.

முதல்முறை நான் அங்கே சென்றது விருந்தாளியாக. என் மகளின் அலுவலகத் தலைவர் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது, அவருக்காக நிறுவனம் ஏற்பாடு செய்த விருந்துக்குக் குடும்பத்தினரையும் அழைத்திருந்தார்கள். இரண்டு நாள்களுக்கு முன்பே உணவகத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து, யாருக்காவது நிலக்கடலையோ பாலோ ஒவ்வாதா, காரம் குறைக்க வேண்டுமா என்றெல்லாம் கேட்டார்கள். வாசலில் இருவர் காத்திருந்து வரவேற்றார்கள். கண்ணாடிச் சுவரை ஒட்டிய நீண்ட மேசை. சிறு சிறு அளவில் ஒன்றன்பின் ஒன்றாக ஒவ்வொரு வகை உணவும் வரும்போது அது எந்த ஊர்ப் பக்குவம், எதனால் இப்படி மாற்றினார்கள் என்று ஒருவர் பொறுமையாக விளக்கினார். சமையற்கூடத் தலைவரே கடைசியில் வந்து கைகூப்பிவிட்டுப் போனார். அன்று வீடு திரும்பும்போது, அப்பாவையும் அம்மாவையும் ஒருநாள் இங்கே அழைத்துவர வேண்டும் என்று என் கணவரிடம் சொன்னேன்.

அந்த நாள் அவர்களுடைய 60ஆம் திருமண நாளாக அமைந்தது. அப்பாவுக்கு 84 வயது, அம்மாவுக்கு 79. நாங்கள் நால்வர். மூன்று வாரங்களுக்கு முன்பே நானே பேசி முன்பதிவு செய்தேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்சுலின் போட்டபின் அதிக நேரம் வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது, ஆகவே வகைகளுக்கு இடையே தாமதம் ஆகாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். குறித்துக்கொண்டதாகச் சொன்னார்கள். அப்பா சலவை வேட்டியும் வெள்ளைச் சட்டையும் அணிந்திருந்தார். அம்மா தன் மணிவிழாவுக்கு எடுத்த காஞ்சிபுரம் பட்டு கட்டியிருந்தார். முன்மேசையில் இருந்தவர் முதலில் அப்பாவின் செருப்பைப் பார்த்தார், பிறகுதான் முகத்தைப் பார்த்தார். முன்பதிவு இருக்கிறதா என்று ஆங்கிலத்தில் இரண்டு முறை கேட்டார்; நான் தமிழில் பதில் சொன்ன பிறகும் ஆங்கிலத்திலேயே தொடர்ந்தார். எங்களுக்குக் கிடைத்தது சமையற்கூடக் கதவை ஒட்டிய மேசை. கண்ணாடிச் சுவரை ஒட்டி மூன்று மேசைகள் காலியாக இருந்தன. அங்கே உட்காரலாமா என்று கேட்டதற்கு, அவை முன்பதிவு செய்யப்பட்டவை என்றார்கள். நாங்கள் எழுந்துவரும்வரை அவற்றில் இரண்டு மேசைகளுக்கு ஒருவரும் வரவில்லை.

ஆனால் உணவைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். வாழைப்பூவில் ஒரு வாய்க்கு அளவாக வடை செய்து, மாங்காய் இஞ்சி கலந்த மோரின்மேல் வைத்துக் கொடுத்தார்கள். அப்பா அதை மென்றுவிட்டு, "ஒரு கள்ளன் விடாமல் ஆய்ந்திருக்கிறார்கள், உள்ளே யாரோ வேலை தெரிந்தவர் இருக்கிறார்" என்றார். (வாழைப்பூவில் வேகாத நரம்பைத்தான் கள்ளன் என்பார்கள்.) சிவப்பரிசிப் புட்டோடு வந்த மீன் குழம்பின் புளிப்பை அம்மா இன்றும் நினைவுகூர்கிறார். எங்களுக்குப் பரிமாறிய இளைஞர் திருவாரூர்ப் பக்கத்துக்காரர். எங்கள் தஞ்சை வட்டாரப் பேச்சு காதில் விழுந்ததும் முகம் மலர்ந்து, அம்மாவின் நாற்காலி அருகே குனிந்து நின்று ஒவ்வொன்றையும் தமிழில் எடுத்துச் சொன்னார். அந்த இரவில் எங்களை விருந்தினராக நடத்திய ஒருவர் அவர்தான். உணவகத்தின் பெயரை நான் எழுதாமல் விடுவதற்கு அவரும் ஒரு காரணம்.

அப்பாவின் வேட்டியைக் காட்டி யாரும் எங்களைத் தடுக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அப்படித் தடுக்கவும் முடியாது. 2014ஆம் ஆண்டு சென்னையில் ஒரு கிரிக்கெட் சங்கத்தின் மனமகிழ் மன்றத்தில் வேட்டி அணிந்து வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரை உள்ளே விட மறுத்ததைத் தொடர்ந்து, அதே ஆண்டு தமிழக அரசு சட்டம் இயற்றியது. வேட்டி அணிந்தவருக்கு அனுமதி மறுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்க அதில் இடமிருக்கிறது. ஆனால், உள்ளே விட்டபின் எந்த மேசையைக் கொடுப்பது, எந்த முகத்தோடு பேசுவது என்பதையெல்லாம் எந்தச் சட்டமும் எழுதிவைக்க முடியாது. அது நிர்வாகத்தின் மனத்திலிருந்து வர வேண்டியது. வேட்டி கட்டியவரைச் சமையற்கூடக் கதவருகே உட்காரவைத்துவிட்டு, அவர் ஊர்ச் சாப்பாட்டையே பீங்கான் தட்டில் அலங்கரித்து அவருக்கு விற்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தந்தது.

நம் உணவை இப்படிப் பல வகைகளாகப் பிரித்து, சிறு சிறு அளவில் பரிமாறுவதே பகட்டு என்று சில வாசகர்கள் எழுதியிருந்தார்கள். அதை நான் ஏற்கவில்லை. கிண்டியில் ஐடிசி கிராண்ட் சோழா விடுதியில் 2017இல் தொடங்கப்பட்ட அவர்தனா உணவகம், தக்காளி ரசத்தை நீர் போலத் தெளிவாக வடித்து, கண்ணாடிக் கோப்பையில் ஊற்றித் தருவதை உலகமே பேசுகிறது. (நான் குறைகூறும் உணவகம் அதுவன்று.) நியூயார்க்கில் செம்மா என்ற உணவகத்தின் தலைமைச் சமையற்கலைஞராகப் பெயர்பெற்ற விஜய்குமார், திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்திலிருந்து சென்றவர், வயலில் பொறுக்கிய நத்தையைப் பிரட்டி உண்ட நம் உழவர் வீட்டு உணவைப் பெயர் மாற்றாமல் நத்தைப் பிரட்டல் என்றே பட்டியலில் எழுதி, சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் மிச்செலின் நட்சத்திரத்தையும் 2022இல் அந்த உணவகத்துக்குப் பெற்றுத் தந்தார். அமெரிக்காவில் தமிழ்ப் பெயரோடு தலைநிமிர்ந்து நிற்கும் உணவுக்கு, நாங்கள் போன சென்னை உணவகத்தில் தமிழில் ஒரு பட்டியல் இல்லை. அம்மா அந்தத் தடித்த அட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். அதில் இருந்த எல்லாமே அவர் 60 ஆண்டுகளாகச் சமைத்தவைதான். தமிழில் ஒரு பக்கம் அச்சிட என்ன செலவாகியிருக்கும்?

இனி நேரம். முதல் வகை வந்ததற்கும் இரண்டாவது வந்ததற்கும் இடையே 35 நிமிடங்கள் ஆயின. நான் கேட்டுக்கொண்டது யாருக்கும் சொல்லப்படவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அப்பாவுக்கு நெற்றி வியர்க்கத் தொடங்கியதும், கைப்பையில் வைத்திருந்த இரண்டு குளுக்கோஸ் பிஸ்கட்டுகளை எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்து மேற்பார்வையாளர் ஒருவர் விரைந்து வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். வெளி உணவுக்கு அனுமதியில்லை என்று சொன்னார். திருவாரூர் இளைஞர் அதற்குள் உள்ளே ஓடி, ஒரு கிண்ணத்தில் தயிர்சாதம் கொண்டுவந்து வைத்தார். பட்டியலில் இல்லாத அந்தத் தயிர்சாதத்துக்குப் பணம் வாங்கவில்லை. எட்டு மாதங்களுக்கு முன் ஒவ்வாமையைப் பற்றித் தொலைபேசியில் தேடி அழைத்துக் கேட்ட அதே இடம் இது. நிறுவனம் பதிவு செய்தால் விழிப்போடு இருக்கும் ஏற்பாடு, ஒரு குடும்பம் பதிவு செய்தால் ஏன் உறங்கிவிடுகிறது?

கடைசியாக பில். 34 ஆண்டுகள் வங்கியில் பணியாற்றியவள் என்பதால், எண்களைக் கூட்டிப் பார்க்காமல் பணம் கொடுக்க எனக்குக் கை வராது. ஆளுக்கு 4,200 வீதம் நால்வருக்கு 16,800 ரூபாய். தண்ணீர்ப் புட்டி ஒன்று 300 வீதம் இரண்டுக்கு 600. ஆக மொத்தம் 17,400. இதன்மேல் சேவைக் கட்டணம் 10 சதவீதம், 1,740 ரூபாய். இரண்டையும் கூட்டி வந்த 19,140க்கு 18 சதவீத ஜிஎஸ்டி. முடிவில் 22,585 ரூபாய். அறை வாடகை உயர்ந்த விடுதிகளுக்குள் இயங்கும் உணவகங்களில் 18 சதவீத வரி விதிக்கப்படுகிறது என்பதை அறிவேன். தனித்து இயங்கும் உணவகங்களில் அது 5 சதவீதம். வரியைக் குறைசொல்ல நான் வரவில்லை. சேவைக் கட்டணம் இல்லாமல் இருந்திருந்தால் தொகை 20,532 ஆகியிருக்கும். நாங்கள் கேட்காமலேயே சேர்க்கப்பட்ட அந்தக் கட்டணமும், அதன்மீது விழுந்த ஜிஎஸ்டியும் சேர்ந்து 2,053 ரூபாய். தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும்: சாதாரணமானதா, வாயு கலந்ததா என்று மட்டும்தான் கேட்டார்கள். கேட்டால் சுத்திகரித்த குடிநீர் கட்டணமின்றிக் கிடைக்கும் என்பது பக்கத்து மேசைக்கு அது வந்தபோதுதான் தெரிந்தது.

சேவைக் கட்டணத்தைப் பற்றிப் படித்தவர்கள்கூடச் சரியாக அறிந்திருப்பதில்லை என்பதால் சற்று விரித்துச் சொல்கிறேன். உணவகங்கள் அதைத் தாமாகவே பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வாங்கக் கூடாது, விருப்பம் இருந்தால் மட்டும் கொடுக்கலாம் என்பதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், உணவுத் தொகையோடு கூட்டி அதன்மேல் ஜிஎஸ்டி போடக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. உணவக உரிமையாளர் சங்கங்கள் தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து இடைக்காலத் தடை பெற்றன. 2025 மார்ச் 28 அன்று அந்த நீதிமன்றம் வழிகாட்டு நெறிகள் செல்லும் என்று தீர்ப்பளித்து, வழக்குத் தொடுத்த இரு சங்கங்களுக்கும் தலா ஒரு லட்சம் ரூபாய் செலவுத்தொகை விதித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றிருக்கின்றன. இவ்வளவு நடந்தபின்பும் எங்கள் பில்லில் அந்தக் கட்டணம் இருந்தது. நீக்கச் சொன்னபோது, எல்லோரும் கொடுக்கிறார்கள் என்று மேற்பார்வையாளர் பதில் சொன்னார். அப்பா என் கையைத் தொட்டு, "கொடுத்துவிட்டு வா அம்மா, நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம்" என்றார். கொடுத்தேன். பெரும்பாலான குடும்பங்கள் இப்படித்தான் கொடுத்துவிட்டு வருகின்றன. திருமண நாள், பிறந்த நாள், பெண் பார்த்து முடித்த மகிழ்ச்சி என்று ஏதோ ஒரு நல்ல நாளில்தான் நம்மைப் போன்றவர்கள் அங்கே போகிறோம்; அந்த நாளில் வாய்ச்சண்டை வேண்டாம் என்று அடங்கிப்போவதை அவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறார்கள். பணம் கட்டாமல் நின்று வாதாட விரும்பாதவர்கள், பில்லை வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பின்னர்கூடப் புகார் செய்யலாம்.

அந்தக் கட்டணம் ஊழியர்களுக்குத்தான் போகிறது என்று உணவகத் தரப்பில் சொல்கிறார்கள். ஊழியர்களுக்குக் கூடுதலாகக் கொடுப்பதில் எனக்கு மனத்தடை சிறிதும் இல்லை. தயிர்சாதம் கொண்டுவந்த அந்த இளைஞரின் கையில் நானே 500 ரூபாய் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். நகரின் நடுவே அத்தகைய இடத்தை நடத்த ஆகும் செலவும், தேர்ந்த சமையற்கலைஞர்களின் ஊதியமும், வீணாகும் பொருளும் எவ்வளவு என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. அவற்றையெல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,800 என்று பட்டியலிலேயே எழுதியிருந்தால், விருப்பமுள்ளவர் போயிருப்போம், முடியாதவர் போகாமல் இருந்திருப்போம். முன்மேசையில் இருந்த பெண்ணையும் நான் தனிப்பட்ட முறையில் பழிக்க விரும்பவில்லை. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும். யாருக்குக் கண்ணாடி ஓரம், யாருக்குக் கதவோரம் என்று அவரே முடிவு செய்திருக்க மாட்டார். அப்படிப் பார்க்க அவருக்கு யாரோ பழக்கியிருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்தபின் இவ்வளவையும் எழுதி உணவக மேலாளருக்குக் கடிதம் அனுப்பினேன். சேவைக் கட்டணத்தைத் திருப்பித் தருமாறும், தமிழில் உணவுப் பட்டியல் வைக்குமாறும், உடல்நலக் குறிப்புகள் சமையற்கூடம்வரை போய்ச் சேர ஏற்பாடு செய்யுமாறும், காலியாக இருந்த மேசையை எங்களுக்கு ஏன் தரவில்லை என்று விளக்குமாறும் கேட்டிருந்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது. வருத்தம் தெரிவித்து, 2,053 ரூபாயை வங்கிக் கணக்கில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த முறை வரும்போது ஓர் இனிப்பு இலவசம் என்றும் எழுதியிருந்தார்கள். தமிழ்ப் பட்டியலைப் பரிசீலிப்பதாகவும், உடல்நலக் குறிப்புகளில் இனிக் கவனமாக இருப்பதாகவும் இரண்டு வரிகள் இருந்தன. மேசையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அந்தக் கேள்விக்கு விடை கேட்டு மீண்டும் எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்,
கிழக்குத் தாம்பரம், சென்னை.