செஞ்சிக் கோட்டைக்கு முதலில் வேண்டியது சுண்ணாம்பும் வடிகாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மராத்தியர் காலப் படைத்தளங்களாக விளங்கிய 12 கோட்டைகளை யுனெஸ்கோ 2025 ஜூலையில் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. மிச்சமுள்ள ஒன்று நம் செஞ்சி. அதிலிருந்து மின்விளக்கு, உணவகம், வண்டி நிறுத்துமிடம் என்றே பேச்சு நடக்கிறது. அவையும் வேண்டியவைதான். ஆனால் கிடைக்கும் பணத்தில் முதல் பங்கு மதிலுக்கும் வடிகாலுக்கும் போக வேண்டும்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளையும் சேர்த்து வளைக்கும் மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆனந்தக் கோன் தொடங்கிவைத்ததாகச் சொல்லப்படும் கோட்டை இது. இன்று நாம் காணும் பெரும்பகுதி நாயக்கர் காலத்தது. பிறகு பீஜப்பூர் சுல்தான் படை; 1677இல் சிவாஜி. 1690இல் முற்றுகையிட்ட முகலாயப் படைக்கு, கோட்டையைப் பிடிக்க 1698 வரை ஆனது; உள்ளே இருந்த சிவாஜியின் மகன் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று கை மாறியது.

அத்தனை நீண்ட முற்றுகையைத் தாங்க மதிலின் பருமன் மட்டும் போதாது. மலைமேல் சுனைகளும் மழைநீரைத் தேக்கும் குளங்களும் இருந்தன. அடிவாரத்தில் செட்டிக்குளமும் சக்கரக்குளமும் உண்டு. கோட்டைக்குள் உள்ள கல்யாண மகால் என்ற மாளிகைக்கு, வெளியிலிருந்து மண்குழாய் பதித்துத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். விழும் ஒவ்வொரு துளியும் எங்கே போக வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய இடம். அந்த வழிகள் அடைபட்டால், அதே தண்ணீர் சுவருக்குள் புகுந்துவிடும்.

மதிலின் வெளிமுகத்தில்தான் கருங்கல் வரிசை. உள்ளே மண்ணும் உடைகல்லும் நிரப்பியிருப்பார்கள். உச்சியில் பூசிய சுண்ணாம்பு விரிசல் விட்டதும் மழைநீர் உள்ளே இறங்கும். நனைந்த மண் கனத்து, கல் வரிசையை வெளியே நெட்டித் தள்ளும். கொத்தனார்கள் இதை ‘மதில் வயிறு தள்ளிவிட்டது’ என்பார்கள். அந்த நிலைக்கு வந்த மதில் அடுத்த பெருமழையில் சரியலாம். விரிசல் வளர்கிறதா என்று பார்க்க எளிய வழி உண்டு: விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதிவைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள்.

அடுத்தது அரசும் ஆலும். பறவை எச்சத்தில் வரும் விதை கல் இடுக்கில் முளைக்கும். விரல் பருமனுக்குள் இருந்தால், மழை விட்ட ஈரத்தில் வேரோடு பிடுங்கிவிடலாம். அதைவிடப் பருத்ததை இழுத்தால் கல்லும் சேர்ந்து வரும். வெறுமனே வெட்டிவிட்டாலோ, ஒரு கிளை இருந்த இடத்தில் நான்கு துளிர்க்கும். அடியோடு அறுத்து, கட்டையில் துளையிட்டு, களைக்கொல்லி ஊற்றி மூடி, வேர் செத்த பிறகே அந்த இடுக்கைச் சுண்ணாம்புக் காரையால் அடைக்க வேண்டும். காய்ந்த புல்லைத் தீ வைத்து அழிப்பது கூடவே கூடாது. பாறையைப் பிளக்கக் கல்லுடைப்போர் தீ மூட்டியது இந்தக் காரணத்துக்காகத்தான். சூடு ஏறினால் கருங்கல் ஏடு ஏடாக உரியும்.

களஞ்சியம், கல்யாண மகால் போன்ற கட்டடங்களின் செங்கல்லையும் சுதையையும் சிமெண்ட் கொண்டு ஒட்டுப்போடுவது பெருங்கேடு. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே பூட்டிவைக்கும். உப்புப் பூத்து, கடைசியில் சிமெண்ட் பெயரும்போது செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டு வரும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் ஊறவைத்து, வெண்ணெய்ப் பதத்துக்கு வரும்வரை வாரக்கணக்கில் விட வேண்டும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டிலிருந்து மூன்று பங்கு சலித்த மணல். ஈரம் படும் இடமானால் மணலில் ஒரு பகுதிக்குப் பதில் செங்கல் பொடி. கடுக்காயும் வெல்லமும் ஒரு வாரமாவது ஊறிய நீரில் குழைத்து, மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். வெயிலில் சீக்கிரம் காய்ந்த பூச்சு பொரிந்து உதிரும். இதில் அவசரத்துக்கு இடமே இல்லை. ஒப்பந்தத்துக்கு மார்ச் மாதக் கெடு வைத்து வேலை வாங்கும்போது முதலில் அடிபடுவது சுண்ணாம்பு ஊறும் காலம்தான் என்பது வேதனை.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பருக்குள் களஞ்சியத்தின் வளைவுக் கூரை முதல் மலைப் படிகளின் ஓரக் கால்வாய் வரை ஒவ்வொரு தண்ணீர்ப் போக்கியையும் குச்சி விட்டுத் தூர்வாரி, குடம் தண்ணீர் ஊற்றி, மறுபக்கம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். சுற்றுலாப் பயணிகள் வீசும் பாலித்தீன் பைகளையும் தண்ணீர் பாட்டில்களையும் இந்தத் துவாரங்களிலிருந்து எடுக்க ஆள் வேண்டும்.

ஆகவே தொல்லியல் துறை, சுற்றுவட்டார ஊர்களிலிருந்து சுண்ணாம்பு வேலை தெரிந்தவர்களைக் கொண்ட நிரந்தரக் குழு ஒன்றைச் செஞ்சியில் அமர்த்த வேண்டும். மதிலைப் பகுதி பகுதியாக எண்ணிட்டு, மழைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். அந்தப் பதிவேடு நுழைவுச்சீட்டு வழங்கும் இடத்திலேயே மக்கள் பார்வைக்கு இருக்கட்டும்.

இப்படிக்கு,
வாசகர், விழுப்புரம் மாவட்டம்