பேராசிரியர் சரி, ஊர் எங்கே?

ஆசிரியருக்கு வணக்கம்.

கனடாவின் பூர்வகுடி ஊர்களில் வேலை செய்யும் பேராசிரியர்கள் பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பட்டம், பதவி, ஆய்வுத்தொகை என்றே முக்கால்வாசி போய்விட்டது, ஊரைத் தேட வேண்டியிருந்தது.

பிரிட்டிஷ் கொலம்பியாவில் அல்கலை லேக் என்றொரு பூர்வகுடி ஊர், குடியில் மூழ்கிக் கிடந்தது. நீங்கள் குடிப்பதால் வீட்டுக்கு வரமாட்டேன் என்று பாட்டி வீட்டிலேயே இருந்துவிட்டாள் ஏழு வயது மகள் ஒருத்தி. 1972-ல் அவளுடைய அம்மா ஃபிலிஸ் செல்சி குடியை விட்டார், அப்புறம் அப்பா ஆண்டி, அப்புறம் பல வருடங்களில் ஊரில் பெரும்பாலானோர். எந்தப் பல்கலைக்கழகத்தின் திட்டமும் இல்லை அது.

இப்படிப்பட்ட ஊர்களில் ஆய்வு செய்யப் போகிறவர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். சேகரித்த தகவல் யாருடையது, யார் பார்க்கலாம், யார் கையில் இருக்கும் என்பதை அந்த மக்களே முடிவு செய்வார்கள், 1998 முதல் இதற்கென்றே நெறிமுறை இருக்கிறது. பூர்வகுடிப் பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்திருந்த உறைவிடப் பள்ளிகளில் பட்டதைச் சொல்ல ஒரு பெரியவருக்கு நாலு வருடம்கூட ஆகலாம். அதுவரை கூட உட்கார்ந்து தேநீர் குடித்த நாட்களைப் பதவி உயர்வுக் குழு எந்தக் கணக்கில் எழுதும்? அங்கே கட்டுரைகளைத்தானே எண்ணுகிறார்கள்!

அடுத்த முறை பேராசிரியரின் படத்தைச் சின்னதாகப் போட்டுவிட்டு, அவர் வேலை செய்யும் ஊர்க்காரர் ஒருவரிடம் நாலு வார்த்தை கேட்டுப் போடுங்களேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்