அக்காவின் ஆபரேஷன்

அன்புள்ள செல்வி,

அக்காவுக்கு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள். இரைப்பையின் கீழ்ப்பகுதியில் கட்டி. பயாப்ஸியில் புற்றுநோய்தான் என்று வந்தது. நல்லவேளை, ஆரம்பக் கட்டம். போனில் சொன்னால் நீ அழுவாய், கூடவே நானும் அழுவேன், அதனால்தான் கடிதம். மற்றவர்கள் நலம்.

லேப்ராஸ்கோபி என்று டாக்டர் சொன்னதும் எனக்குப் பயம் கூடியது. துளை வழியாகக் கேன்சரை எடுத்தால் மிச்சம் மீதி உள்ளே தங்கிவிடாதா? வயிற்றைத் திறந்து செய்வதுதானே பத்திரம்? கேட்டே விட்டேன். அவர் கோபப்படாமல் ஒரு காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கரியமில வாயுவைச் செலுத்தி வயிற்றை உப்பவைத்து, ஒரு துளையில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். கட்டி இருந்த பக்கம் இரைப்பையில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து, சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் (நோய் பரவக்கூடிய சின்னச் சின்னச் சுரப்பிகள்) எடுத்து, மீதியைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். வெட்டியதை ஒரு பைக்குள் போட்டு, தொப்புள் பக்கத்துத் துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி வெளியே எடுப்பார்கள். திறந்து செய்தாலும் உள்ளே இதே வேலைதான்.

1991இல் ஜப்பானில் கிடானோ என்ற டாக்டர் தொடங்கிய முறையாம் இது. பிறகு தென் கொரியாவில் முதல் கட்ட நோயாளிகள் 1,400 பேருக்கு மேல் இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டிருக்கிறார்கள். ஐந்து ஆண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள், துளை வழியில் 94.2 சதவீதம், திறந்து செய்ததில் 93.3. அதைப் படித்த அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது. கட்டி உள்சவ்வோடு நின்றிருந்தால் வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டே சீவி எடுத்திருக்கலாமாம். அக்காவுக்கு அது கொஞ்சம் ஆழமாகப் போய்விட்டது. ஆழம் கூடினால் நிணநீர் முடிச்சுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பும் கூடும்.

மறுநாளே நடக்க வைத்துவிட்டார்கள். "வயிற்றில் கை வைத்துவிட்டுத் தோளில் வலிக்கிறதே" என்று அவள் புலம்பினாள். உள்ளே தங்கிய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வருவதாம்; தானாகவே போய்விட்டது.

என் ஆத்திரமெல்லாம் பார்க்க வருகிறவர்கள் மேல்தான். வயிற்றில் நாலைந்து சின்ன பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நன்றாகச் சாப்பிடு, தெம்பு வரும்" என்கிறார்கள். சித்தி தட்டு நிறையப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து ஊட்டாத குறை. அக்காவும் மறுக்கத் தெரியாமல் சாப்பிட்டாள். கொஞ்ச நேரத்தில் வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடத்து, படுத்துவிட்டாள். மிச்சமிருக்கும் இரைப்பையில் சாப்பாடு தங்காமல் சட்டென்று குடலுக்கு இறங்கினால் இப்படித்தான் ஆகும். இனிப்பென்றால் இன்னும் மோசம். கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளையாகச் சாப்பிட வேண்டும். இரும்புச்சத்தும் பி12உம் குறைகிறதா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை வேறு. காயம் கண்ணுக்குத் தெரியவில்லை என்பதற்காக அவள் குணமாகிவிட்டாள் என்று எப்படி முடிவு கட்டுகிறார்கள், செல்வி? நீ வரும்போது தயவுசெய்து "கொஞ்சம் சாப்பிடேன்" என்று ஆரம்பிக்காதே. நீதான் ஆரம்பிப்பாய், எனக்குத் தெரியும்.

அப்புறம், உன் அண்ணன். நெஞ்சு எரிச்சலுக்கு மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறார், ஆளும் இளைத்துவிட்டார் என்று எழுதியிருந்தாயே. மாத்திரையில் எரிச்சல் அடங்கும், உள்ளே இருப்பது மறைந்தே கிடக்கும். அக்காவும் "வெறும் கேஸ்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு எண்டோஸ்கோபி எடுக்கச் சொல். அவர் மாட்டேன் என்றால் அண்ணியிடம் சொல், அண்ணி பேச்சைத்தான் அவர் கேட்பார். என்றைக்கு எடுக்கிறார்கள் என்று எனக்கு உடனே எழுது.

அன்புடன்,
வசந்தா