டயப்பர் காதுக்கு ஒரு வழக்கு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பல் முளைத்த சேதியை லட்சுமிக்கும் படித்துக் காட்டினேன். அது சரி, "டயப்பர் ஒட்டுக்கெல்லாமா கோர்ட்டுக்குப் போவார்கள்?" என்று கேட்டிருக்கிறாய். முப்பது வருஷமாகக் காப்புரிமைப் பத்திரங்களைப் படித்தே கண் மங்கியவனிடம் கேட்டுவிட்டாய், அனுபவி.

பேத்தியின் டயப்பரில் இடுப்போரம் நீட்டிக்கொண்டிருக்கும் காதை இழுத்துப் பார். நீண்டு, விட்டதும் சுருங்கும். நுனியில் சொரசொரவென்று ஒரு துண்டு இருக்கும், பூனை நாக்கைத் தொட்ட மாதிரி. அத்தனையும் குட்டிக் குட்டி பிளாஸ்டிக் கொக்கிகள். பக்கவாட்டில் இழுத்தால் விடாது. ஓரத்தைத் தூக்கி உரித்தால் பொசுக்கென்று வந்துவிடும். முன்பு பசை டேப்தான். அதில் கொஞ்சம் பவுடரோ எண்ணெயோ பட்டால் போச்சு. பால் குடித்தால் குழந்தையின் வயிறு உப்பும், அப்புறம் இறங்கும். அதற்காகத்தான் இந்த நீளும் காது.

கொக்கிக்கு இன்று யாரும் சொந்தம் கொண்டாட முடியாது. நாயுருவி வேட்டியில் ஒட்டுமே, அதுபோல நாயின் ரோமத்தில் ஒட்டிய காய்களைப் பார்த்து சுவிட்சர்லாந்துக்காரர் ஜார்ஜ் தெ மெஸ்த்ரால் கண்டுபிடித்தது வெல்க்ரோ என்ற கொக்கி ஒட்டு. 1955-ல் அமெரிக்கக் காப்புரிமை வாங்கினார். அது எப்போதோ காலாவதி. ரப்பர் அதைவிடப் பழசு. இரண்டையும் எந்த இடத்தில், எப்படிச் சேர்த்தாய் என்பதில்தான் சண்டை. "நீளக்கூடிய இணைப்பான்" என்று காப்புரிமைப் பத்திரத்தில் ஒரு வார்த்தை இருக்கும். எதிர்த்தரப்பு, "எங்கள் கொக்கித் துண்டு நீளவே நீளாது, அது ஒட்டியிருக்கும் காதுதான் நீளுகிறது" என்பார்கள். அதோடு விடுவார்களா? "பழைய கொக்கி, பழைய ரப்பர், இது யாருக்கும் தோன்றாதா?" என்று காப்புரிமையையே கேள்வி கேட்பார்கள். 2007-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் என்ற கம்பெனியின் காப்புரிமை வழக்கில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு அந்தக் கேள்விக்குப் பலம் கூடிவிட்டது.

சிரிக்காதே. பாம்பர்ஸ் தயாரிக்கும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள், பாரகன் என்ற கம்பெனி மேல் அமெரிக்காவின் டெலாவேர் மாநிலத்தில் வழக்குப் போட்டது. பாரகன் கடைகளின் சொந்தப் பெயரில் மலிவு டயப்பர் செய்து கொடுத்த கம்பெனி. அங்கே சண்டை கொக்கிக்கு இல்லை, கசியாமல் தடுக்கத் தொடையோரம் எழும்பி நிற்கும் சுருக்கு மடிப்புக்கு. 1997 கடைசியில் தீர்ப்பு வந்தது, நஷ்டஈடு சுமார் 17.8 கோடி டாலர். அடுத்த மாதமே பாரகன் திவால் பாதுகாப்பு கேட்டு மனுப் போட்டது. விரலளவு மடிப்பு, யோசித்துப் பார்!

இப்போது என் கையில் இருப்பதும் ஒரு காது விவகாரம்தான். கட்சிக்காரர் யாரென்று சொல்லக் கூடாது. போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் பதினோரு டயப்பரை விரித்து, ஸ்கேல் வைத்து இழுத்து அளந்துகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். லட்சுமிக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

பேத்திக்குச் சின்னதாகிப்போன சைஸ் மிச்சமிருந்தால் தூக்கிப்போடாதே. நாலைந்து எனக்குக் கூரியரில் அனுப்பு. ஆபீஸ் விலாசத்துக்கு.

உன்,
ராமு