கட்டணத்துக்கு முன் கன அடியைக் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறை நெருங்கும்போதெல்லாம் ரிஷிகேஷ் கங்கையில் ராஃப்டிங், அதாவது காற்றடைத்த ரப்பர் படகில் வேகமான ஓட்டங்களைக் கடந்து செல்வதைப் பற்றிய சுற்றுலாக் கட்டுரைகள் தமிழ் இதழ்களில் வெளியாகின்றன. தங்கள் நாளிதழிலும் அண்மையில் அத்தகைய கட்டுரை ஒன்று வந்தது. கட்டணம், தங்குமிடம், படம் எடுக்க ஏற்ற இடம் எல்லாம் அதில் இருந்தன; ஆற்றைப் பற்றி மட்டும் ஏதும் இல்லை. அந்த ஆற்றில் ஒருமுறை அவசரப்பட்டும் மறுமுறை தக்க ஏற்பாட்டோடும் இறங்கியவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

காவிரிக்கரையில் வாழும் எங்களுக்கு ஆற்றின் நிலையைக் கன அடியில் அறிவது சிறு வயது முதலே பழக்கம். மேட்டூர் அணைக்கு வினாடிக்கு எத்தனை கன அடி வருகிறது, எத்தனை கன அடி திறக்கப்படுகிறது என்று நாளிதழில் பார்த்துவிட்டுத்தான் வயலுக்குப் போவோம். ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிப்பதும், நீர் வடிந்த பிறகு அதை நீக்குவதும் நமக்குப் புதிய செய்தி அல்ல. அப்படிப்பட்ட நாம், இரண்டு நாள் ரயிலில் பயணம் செய்து இமயமலை அடிவாரத்தில் இறங்கியதும், இன்று ஆற்றில் எவ்வளவு நீர் ஓடுகிறது என்று ஒருவரையும் கேட்காமல் படகில் ஏறி அமர்ந்துவிடுகிறோம்.

நானும் அப்படித்தான் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதம், உறவினரும் நண்பர்களுமாகப் பதினொரு பேர் சென்றிருந்தோம். மலையில் பனி உருகி நீர் ஏறியிருந்தது, நிறமும் கலங்கியிருந்தது. இன்று ஆற்றின் மேற்பகுதியில் உள்ள கௌடியாலாவிலிருந்து வேண்டாம், கீழே ரிஷிகேஷுக்கு அருகில் உள்ள சிவபுரியிலிருந்து புறப்படலாம் என்று வழிகாட்டி இளைஞர் சொன்னார். அன்றிரவே ஹரித்வாரில் எங்களுக்கு ரயில். பணமும் முழுதாகக் கட்டியாயிற்று. ஆகவே நாங்கள் அவரை வற்புறுத்தினோம், அவரும் இணங்கிவிட்டார். இவ்விரண்டுக்கும் இடையே கரையில் உள்ள மரைன் டிரைவ் என்ற இடத்தை அடைவதற்கு முன்பே எங்கள் படகுகளில் ஒன்று கவிழ்ந்தது. என் தங்கை மகன் அணிந்திருந்த லைஃப் ஜாக்கெட்டின் பட்டைகள் தளர்வாக இருந்தமையால் அது மேலேறி அவன் முகத்தை மூடிக்கொண்டது. மீட்புக்கென்று கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் கூடவே வந்தவர் அவனை எட்டிப் பிடித்தார். கரையில் அவன் நடுங்கியபடி உட்கார்ந்திருந்ததும், அவன் தாய்க்கு என்ன சொல்வது என்று தெரியாமல் நான் அருகில் நின்றதும் இன்றும் என் கண்முன் நிற்கின்றன. வழிகாட்டி சரியாகத்தான் சொன்னார். மாற்றிக்கொள்ள இடமே இல்லாத பயணத் திட்டத்தோடு வந்து, அவர் சொல்லைத் தள்ளியவர்கள் நாங்கள்.

கங்கையின் நீர்மட்டம் ஏன் இப்படி மாறுகிறது என்பதை அதன் பிறகுதான் விசாரித்து அறிந்தேன். தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடிக் கங்கை என்னும் பெயர் பெறுகின்றன. பாகீரதியின் குறுக்கே 260 மீட்டர் உயரமுள்ள தெஹ்ரி அணை இருக்கிறது. மின்தேவைக்கேற்ப அங்கிருந்து திறக்கப்படும் நீர், கீழேயுள்ள கோட்டேஸ்வர் அணையைக் கடந்து வருகிறது. அலக்நந்தாவோ பனி உருகுவதற்கும் மலைமேல் பெய்யும் மழைக்கும் ஏற்பப் பெருகுவது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் பெருவெள்ளம் பாய்ந்தபோது ரிஷிகேஷ், ஹரித்வார் வரை எச்சரிக்கை விடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆகவே ரிஷிகேஷில் வானம் தெளிவாக இருப்பதை மட்டும் பார்த்து ஆறு அமைதியாக இருக்கும் என்று முடிவு செய்ய இயலாது. பருவமழை உச்சத்தில் இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அங்கே ராஃப்டிங் முழுவதுமாக நிறுத்தப்படுகிறது. அதற்கு முந்தைய ஜூன் மாதக் கடைசி வாரங்களை நான் இனி ஒருபோதும் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

அங்கே 'ரேபிட்' எனப்படும் நுரைபொங்கும் ஓட்டங்களை உலகெங்கும் 1 (மிக எளியது) முதல் 6 (மிகக் கடினமானது) வரை தரம் பிரிக்கிறார்கள். கௌடியாலாவிலிருந்து ரிஷிகேஷ் வரை ஏறத்தாழ 36 கிலோமீட்டர். அதன் மேற்பகுதியில் உள்ள 'தி வால்' என்ற ரேபிட் நான்காம் தரத்தைச் சேர்ந்தது; நீர் மோதித் திரும்பும் அவ்விடத்தில் படகுகள் எளிதில் கவிழ்கின்றன. சிவபுரியிலிருந்து வரும் சுமார் 16 கிலோமீட்டர், முதன்முறை செல்பவர்களுக்குப் போதுமானது. ஆனால் இந்தத் தர எண்ணும் நிலையானது அன்று. நீர் ஏறும்போது சில ரேபிட்டுகள் மூழ்கி மறைந்துவிடும், சில முன்னிலும் கொடியவை ஆகிவிடும். ஒரு ரேபிட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே, விழுந்தவரைத் தூக்கிப் படகில் ஏற்றுவதற்குக் கிடைக்கும் அமைதியான நீரும் குறைந்துவிடும். ஓட்டத்தின் வேகம் இரு மடங்கானால் அது உடல்மீது செலுத்தும் விசை நான்கு மடங்காகும் என்பதைப் பள்ளிப் பிள்ளைகளும் கணக்கிட்டுச் சொல்வார்கள்.

நீச்சல் தெரிந்த காவிரிக்கரைக்காரர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் ஆற்றின் அடியில் மணல் இருக்கிறது. தடுமாறினால் காலை ஊன்றி நிற்கப் பார்ப்பது நம் உடம்பிலேயே ஊறிவிட்ட பழக்கம். கங்கையின் அந்தப் பகுதியில் அடியில் இருப்பவை பாறைகள். வேகமாக ஓடும் நீரில் எழுந்து நிற்க முயன்றால் பாறை இடுக்கில் பாதம் சிக்கிக்கொள்ளும். பின்னாலிருந்து தள்ளும் நீர் உடலைக் குப்புற அழுத்திவிடும். இடுப்பளவு நீரிலும் இது நேரும். படகிலிருந்து விழுந்தவர் மல்லாந்து, கால்களை ஓட்டத்தின் திசையில் நீட்டி, பாத நுனிகள் நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி மிதந்து வர வேண்டும். நுரையில் பாதி காற்று என்பதால் அது உடலை நன்றாகத் தாங்குவதில்லை. நீரின் குளிரும் மூச்சைத் திணறடிக்கும். எனவே நீச்சல் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட்டை இறுக்கி அணிந்து, அதன் தோள்பட்டையைப் பிறர் பிடித்து மேலே இழுத்தாலும் அது நகரவில்லை என்பதைப் பார்த்துக்கொண்ட பிறகே படகில் ஏற வேண்டும். ஹெல்மெட்டும் அப்படியே. இதய நோய், வலிப்பு உள்ளவர்களும் கருவுற்ற பெண்களும் கரையிலேயே இருந்துவிடுவது நல்லது.

இரண்டாம் முறை ஓர் அக்டோபர் மாதம் சென்றபோது மூன்று நாட்களை ஆற்றுக்கென்றே ஒதுக்கினோம். பத்ரிநாத் நெடுஞ்சாலை ஆற்றை ஒட்டியே செல்வதால், முதல் நாள் வாடகை வண்டியில் கௌடியாலா வரை போய், சாலையிலிருந்து தெரிந்த ரேபிட்டுகளை வழிகாட்டியோடு நின்று பார்த்தோம். நேற்றைவிட நீர் ஏறியிருக்கிறதா, எத்தனை படகுகள் சேர்ந்து வருகின்றன, மீட்புக் கயாக் உண்டா, விழுந்தவருக்கு எறியும் மீட்புக் கயிறு யாரிடம் இருக்கும் என்பவற்றைக் கேட்ட பிறகே கட்டணத்தைப் பேசினோம். மறுநாள் மேலே மழை பெய்து நீர் கலங்கியதால் வழிகாட்டி வேண்டாம் என்றார். நாங்கள் கோயில்களுக்குச் சென்று வந்தோம். மூன்றாம் நாள் காலை நீர் வடிந்திருந்தது. சிவபுரியிலிருந்து புறப்பட்டு, நண்பகலுக்குள் எல்லாரும் கரையேறினோம். இம்முறை என் தங்கை மகனும் உடன் வந்தான். கௌடியாலாப் பகுதிக்கு நாங்கள் இன்னும் தகுதி பெறவில்லை என்று வழிகாட்டி கூறியதை முழு மனதோடு ஏற்றுக்கொண்டோம்.

தங்களிடம் நான் வேண்டுவது இதுதான். அடுத்த முறை இத்தகைய கட்டுரை வெளியாகும்போது, எந்தப் பகுதி எந்தத் தரம், எந்த மாதங்களில் தடை, நீர்மட்டம் எதனால் மாறும், ஒரு நாளாவது கூடுதலாக ஏன் ஒதுக்க வேண்டும் என்பவற்றைக் கட்டணப் பட்டியலின் அருகிலேயே ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியிட வேண்டுகிறேன். மேட்டூர் நிலவரத்துக்குத் தாங்கள் நாள்தோறும் தரும் இடம் அளவுக்கு இருந்தாலே போதும்.

இப்படிக்கு,
காவிரிக்கரை வாசகர்,
குளித்தலை.