பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணியேற்கும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் நீ பணியேற்கப் போவதாக உன் அப்பா ஏற்காட்டிலிருந்து தொலைபேசியில் சொன்னபோது, மகிழ்ச்சியோடு ஓர் இரவும் நினைவுக்கு வந்தது. சேலத்தில் நான் செவிலியாக இருந்த ஒரு மருத்துவமனையில், மலைக்கிராமத்துப் பெண்ணொருத்திக்கு 1,150 கிராம் எடையில் பிறந்த குறைமாதக் குழந்தை, குழாய்வழித் தாய்ப்பாலில் நன்றாகத் தேறி வந்தது. எட்டாம் நாள் இரவு வயிறு உப்பியது, பாதங்கள் சில்லிட்டன, மூச்சு நின்று நின்று வந்தது. காய்ச்சல் வரட்டும் என்று மட்டும் நீ காத்திருக்காதே. அவ்வளவு சிறிய உடம்பு கிருமி ஏறினால் பல நேரம் கொதிப்பதில்லை, குளிர்ந்துபோகிறது. இரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையில், கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா என்று முடிவு வந்தபோது குழந்தை இல்லை.

அதே வாரம் அடுத்தடுத்த வார்மர்களில் (குழந்தையைச் சூடாக வைக்கும் படுக்கைகளில்) இருந்த இரு குழந்தைகளுக்கும் அதே கிருமி கண்டது. மருந்து கலக்கும் மேசையில், காலையில் திறந்து, ரப்பர் மூடியில் ஊசியைக் குத்திவைத்தபடியே இரவு வரை எல்லாக் குழந்தைகளுக்கும் எடுத்த ஒரே சலைன் பாட்டில் இருந்தது. கையெட்டும் தூரத்தில் கை கழுவும் தொட்டி. அந்தப் பாட்டிலிலிருந்து நானும் எடுத்திருக்கிறேன்.

முதல் 72 மணி நேரத்துக்குள் வரும் தொற்று தாயிடமிருந்து வருவது, அதற்குப் பின் வருவது வார்டு கொடுப்பது என்றுதான் எங்களுக்குக் கற்பித்தார்கள். ஆனால் 2011 முதல் 2014 வரை டெல்லியின் மூன்று மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், அந்த 72 மணி நேரத்துக்குள் நோயுற்ற குழந்தைகளிடமும் பிந்தி நோயுற்றவர்களிடம் இருந்த கிருமிகளே பெரும்பாலும் காணப்பட்டன. முதலிடத்தில் இருந்த அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவில் பத்தில் எட்டுக்கு மேல் பல மருந்துகளுக்கு அடங்காதவை. பிறந்த அறையிலேயே கிருமி தொற்றிவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கிளெப்சியெல்லா தொட்டியின் வடிகுழாயிலும் மூச்சுக்காற்றை ஈரமாக்கும் ஈரப்பதனியின் நீரிலும் தங்கும். அசினெட்டோபாக்டர் காய்ந்த பரப்பிலும் பல நாள் உயிரோடிருக்கும். அங்கிருந்து குழந்தையிடம் அதைக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் நம் கைதான்.

ஆகவே ஒரு குழந்தைக்கு ஒருமுறைக்கு ஒரு சிறு சலைன் ஆம்பூல் (ஒருமுறைக்கான மூடிய சிறு குப்பி) என்பதில் விட்டுக்கொடுக்காதே. கிருமிநீக்கும் கைத்திரவத்தைத் தேய்க்க 20 முதல் 30 விநாடி வேண்டும். ஒருத்தி எட்டுக் குழந்தைகளைப் பார்க்கும் இரவில் அந்த விநாடிகள் கிடைக்காது என்பதையும் மேலிடத்தில் எழுத்தில் கொடு. பெரிய டாக்டரே கைக்கடிகாரத்தோடு வார்மருக்குள் கை நீட்டினாலும், "சார், கை" என்று சொல்லிவிடு. கூச்சத்தில் நான் சொல்லாமல் விட்ட நாட்கள் உண்டு.

சனிக்கிழமை மலையிலிருந்து வரும்போது அஸ்தம்பட்டியில் இறங்கி வீட்டுக்கு வா. கட்டைவிரலையும் நகக்கண்ணையும் விட்டுவிடாமல் தேய்க்கும் முறையைக் காட்டித் தருகிறேன்.

உன் அத்தை