ஹேர்மஸ் மாலுமிகளைத் தேடி வருவோருக்காக

ஆசிரியர் அவர்கட்கு,

1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடித்த 'ஹேர்மஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலோடு 307 பேர் மாண்டனர். அவர்களைத் தேடிப் பேரப்பிள்ளைகள் இன்றும் வருகிறார்கள். போன மாதம் கல்லடிக் கடற்கரையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, ஓரம் மடிந்த படமொன்றைக் கையில் வைத்துக்கொண்டு "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தாத்தாவாம். கடலை நோக்கிக் கை காட்டியதைத் தவிர என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்னமும் மனதை அறுக்கிறது.

பெயர் தெரிந்தால் பொதுநலவாயப் போர்க் கல்லறைகள் ஆணைக்குழுவின் பதிவில் தேடலாம். பதவி, சேவை இலக்கம், இறந்த நாள், பலருக்குப் பெற்றோர், மனைவி பெயரும் இருக்கும். ஆனால் அன்று கரையில் நின்ற நம் சனம் கண்டதை அங்கே தேட முடியாது. புகையைப் பார்த்ததாக அம்மப்பா சொன்னதை நான் எழுதி வைக்கவில்லை. அவரும் போய்விட்டார்.

சுழியோடப் போகிறவர்கள் கப்பலிலிருந்து எதையும் கழற்றி வரவேண்டாம். அது புதைகுழி. நமது பொது நூலகத்தில் இதற்கென ஒரு கொப்பி வைத்தால், மூத்தோரிடம் கேட்டதை வீட்டார் வந்து எழுதலாம். முதல் பக்கத்தை எழுத நான் வருகிறேன்.

ஒரு வாசகர்,
கல்லடி